எண்ணெய்க் கசிவைக் காட்டும் கண்ணாடி இழை: மலையகத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

மலையகத்தில் எரிபொருள் குழாய்ப்பாதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எண்ணெய் குழாயில் ஓடுவதெல்லாம் கீழே, கொழும்பைச் சுற்றித்தான்: துறைமுகத்திலிருந்து கொலன்னாவைக்கும், 1969 முதல் இயங்கும் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கும், கடலிலுள்ள மிதவையிலிருந்து முத்துராஜவெல தாங்கிகளுக்கும். மேலே வருவது ரயில் தாங்கிகளிலும் பவுசர்களிலும். கொட்டகலை, ஹப்புத்தளை போன்ற இடங்களிலுள்ள களஞ்சியங்களில் இறங்கி, அங்கிருந்து பெற்றோல் செட்டுகளுக்குப் போகிறது. திருகோணமலைக்கு இந்தியாவிலிருந்து பல்பொருள் குழாய், அதாவது பெற்றோல், டீசல் என்று பல எரிபொருட்களையும் அனுப்பும் குழாய், போடுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அந்தக் குழாய் வந்தாலும் ஹட்டன் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரப்போவது அதே பவுசர்தான்.

அப்படியிருக்க, குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் இங்கிருப்பவர்களுக்கு எதற்கு? எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் குழாய்களுக்காக வளர்த்தெடுத்த ஒளியிழை உணரிகள், மலைநாடுகளுக்குப் போனபோது வேறொரு வேலையிலும் இறங்கின. நிலம் நகரத் தொடங்குவதைக் குழாய் உடையும் முன்பே காட்டின. நம்மிடம் குழாய் இல்லை. நகரும் நிலம் தாராளமாக இருக்கிறது.

முதலில் எண்ணெய்க்காரர்களின் பிரச்சினையைப் பார்ப்போம். குழாய் உடைந்தால் தெரியாமலா போகும் என்று தோன்றும். தெரியாமல் போகிறது. வழமையான முறை ஒரு கணக்கு முறை. ஒரு முனையில் எவ்வளவு உள்ளே போனது, மறுமுனையில் எவ்வளவு வெளியே வந்தது, இடையில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று கணினி விடாமல் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். அளவுமானிகளின் சிறு பிழை, வெயிலுக்கும் குளிருக்கும் எண்ணெய் விரிந்து சுருங்குவது எல்லாம் சேர்ந்து, கசிவு மொத்த ஓட்டத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் கணக்கை நம்புவது கடினம். மணிக்கு 500 கனமீற்றர் ஓடும் ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 சதவீதம் மணிக்கு 5,000 லீற்றர், நாளொன்றுக்கு 120,000 லீற்றர். 13,200 லீற்றர் பவுசரில் ஒன்பது பவுசர் எண்ணெய் தினமும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்க, திரையில் எல்லாம் ஏறக்குறைய சரியாகவே தெரியலாம்.

பெரிய உடைவிலும் கணக்கு ஏமாற்றும். 2010 ஜூலை 25ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊருக்கு அருகே மசகு எண்ணெய்க் குழாய் ஒன்று இரண்டு மீற்றர் நீளத்துக்குக் கிழிந்தது. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணிகள் அடித்தன. ஆனால் அங்கிருந்தவர்கள் அதைக் கசிவு என்று நினைக்கவில்லை. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் அறுந்து, இடையில் ஆவி நிறைந்த வெற்றிடம் உண்டாகியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். வெற்றிடத்தை நிரப்புவதற்காகப் பம்புகளை இரண்டு முறை மறுபடி ஓடவிட்டார்கள். வெளியே கொட்டியதில் பெரும்பகுதி அப்படி ஓடவிட்ட நேரத்தில் கொட்டியதுதான். 17 மணிநேரத்துக்குப் பிறகு, வேறொரு எரிவாயு நிறுவன ஊழியர் தொலைபேசியில் சொன்ன பின்புதான் உண்மை தெரிந்தது. அதற்குள் சுமார் 32 இலட்சம் லீற்றர் வெளியேறி, ஒரு பகுதி கலமசூ ஆற்றில் இறங்கிவிட்டது.

இத்தனைக்கும் மிச்சிகன் ஏறக்குறைய சமதரை. மலையில் இந்த "தொடர் அறுதல்" அன்றாட விஷயம். ஒரு கற்பனைக்கு, கொலன்னாவையிலிருந்து நானுஓயாவுக்கு ஒரு டீசல் குழாய் போடுகிறோம் என்று வையுங்கள். உயர வித்தியாசம் 1,600 மீற்றருக்கு மேல். எண்ணெய் அசையாமல் நின்றாலே அடிவாரக் குழாயில் அதன் எடை மட்டும் ஏறத்தாழ 130 பார் அழுத்தம் தரும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். பட்டிப்பொல உச்சியைத் தாண்டிப் பதுளைப் பக்கம் இறக்கினால் நிலைமை தலைகீழ். இறக்கத்தில் எண்ணெய் தன் எடையிலேயே ஓடும், குழாய் நிறையாது, மேட்டுப் பகுதிகளில் ஆவிப் பைகள் உருவாகி மறையும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகாத நேரங்கள் சாதாரணமாகவே வரும். கணக்கு முறையை மட்டும் நம்பி இப்படியொரு குழாயைக் காவல் காக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆகவே, குழாயின் இரண்டு முனைகளிலிருந்து ஊகிப்பதை விட்டுவிட்டு அதன் நீளம் முழுவதும் உணரி வைக்க வேண்டும். ஆனால் மீற்றருக்கு ஒரு மின் உணரி வைத்து, அதற்கு வயர் இழுத்து, மின்சாரம் கொடுத்து, இடி விழும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஒளியிழை இங்கேதான் உதவுகிறது. இழை முழுவதுமே உணரி. வெளியே நெடுகிலும் மின்சாரம் இல்லை, தீப்பொறி இல்லை, மின்னலுக்கு உலோகமும் இல்லை. இலத்திரனியல் கருவி முழுவதும் ஒரு முனையில் ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

அந்தப் பெட்டி செய்வது, எதிர்மலையைப் பார்த்துக் கூவிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போன்றது. லேசர் ஒளியை மிகச் சிறிய துடிப்புகளாக இழைக்குள் அனுப்பும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 200,000 கிலோமீற்றர் வேகத்தில் போகும். போகும் வழியெல்லாம் ஒளியில் மிகச் சிறு பங்கு கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். எப்போது திரும்பியது என்பதைக் கொண்டு எங்கிருந்து திரும்பியது என்று சொல்லிவிடலாம். ஒரு மீற்றர் தூரம் போய் வர ஒரு நொடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தை இன்றைய மின்னணுக் கருவிகள் சிரமமில்லாமல் அளக்கின்றன. 30, 40 கிலோமீற்றர் இழையை மீற்றர் மீற்றராகப் பிரித்துப் படிக்க முடிவது இதனால்தான்.

திரும்பி வரும் ஒளி மூன்று விதம். மூன்றும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லும்.

முதலாவது ராமன் சிதறல். 1928 பெப்ரவரி 28ஆம் திகதி கல்கத்தாவில் சி. வி. ராமன் கண்டது, இரண்டு வருடத்தில் நோபல் பரிசும் வந்தது. ராமன் பிறந்தது திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில். நம்மில் பலருடைய பாட்டன்மார் மூட்டை முடிச்சோடு புறப்பட்ட அதே சீமை. சரி, விஷயத்துக்கு வருவோம். சிதறும் ஒளியில் துளியளவு, கண்ணாடியின் மூலக்கூறு அதிர்வோடு சக்தியைக் கொடுத்து வாங்கி நிறம் மாறித் திரும்புகிறது. சக்தியை இழந்த பகுதி சிவப்புப் பக்கம் நகரும், சக்தியைப் பெற்ற பகுதி நீலப் பக்கம் நகரும். கண்ணாடி சூடாக இருந்தால் நீலப் பக்கப் பகுதி தெளிவாகக் கூடும். இரண்டின் விகிதத்தைப் பார்த்து அந்த இடத்தின் வெப்பநிலையைச் சொல்லலாம். 1980களில் இங்கிலாந்தின் சவுத்ஹம்டன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை இது. சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதனால் ஒரு நல்ல அளவீட்டுக்குப் பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும், நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது பிரில்லுவன் சிதறல். லியோன் பிரில்லுவன் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1922இல் எதிர்வுகூறியது. கண்ணாடிக்குள் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலியலைகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சுமார் 11 கிகாஹேர்ட்ஸ் நகர்கிறது. வெப்பநிலை ஒரு பாகை மாறினால் அந்த நகர்வு ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவு மாறும். இழை இழுபட்டாலும் மாறும். ஒரு மீற்றர் இழை ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு நீண்டாலே பெட்டி கவனித்துவிடும். மலைநாட்டுக்கான ஆயுதம் இதுதான் என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது ராலே சிதறல். வானத்தை நீலமாகக் காட்டும் அதே சிதறல். லேசர் துடிப்புகளை நொடிக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பி, அடுத்தடுத்த எதிரொலிகளை ஒப்பிட்டால் இழையின் மிக நுண்ணிய அதிர்வும் தெரியும். புதைத்த கேபிள் முழுவதும் ஒலிவாங்கிகளின் வரிசையாகிவிடுகிறது. மேலே லொறி போவது, மண்வெட்டி விழுவது, ஆள் நடப்பது எல்லாம் கேட்கும். எண்ணெய்க் கம்பனிகள் இதை விரும்பி வாங்குவதற்குக் கசிவை விட எண்ணெய்த் திருட்டும், குழாய் இருப்பது தெரியாமல் தோண்டுகிறவர்களும் பெரிய காரணம். கொலன்னாவைப் பக்கம் பழைய குழாய்களின் மேலேயே வீடுகள் எழும்பியிருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் பயன் விளங்கும்.

இனிக் கசிவு. அழுத்தத்தோடு எண்ணெய் சிறு துளை வழியே பீறிடும்போது இரைச்சல் உண்டாகும். ராலே முறை அதைக் கேட்கும். குழாய் திடீரென்று கிழிந்தால் அழுத்தம் குறைந்த அலை ஒன்று எண்ணெய்க்குள் நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு பக்கமும் ஓடும். அது ஓடுவதையும் கேபிள் காட்டும். வெளியேறிய எண்ணெய் மண்ணை விடச் சூடாக இருந்தால் ராமன் முறையில் அந்த மீற்றர் மட்டும் சூடாகத் தெரியும். எரிவாயு என்றால் எதிர்மாறு: அழுத்தம் குறைந்து விரியும் வாயு குளிரும், ஆகவே மண்ணும் குளிரும். கேபிளை எங்கே வைப்பது என்பதும் இதைப் பொறுத்தது. எண்ணெய் கீழே இறங்கும் என்பதால் குழாய்க்குக் கீழே அல்லது பக்கவாட்டில், வாயு மேலே ஏறும் என்பதால் மேலே.

விற்பனைப் பிரசுரங்களில் இதெல்லாம் அழகாக இருக்கும். நடைமுறையில் வெப்பநிலை முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. கெட்டியான மசகு எண்ணெயைச் சூடாக்கி அனுப்புவார்கள், அதனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெற்றோலும் டீசலும் அப்படியில்லை. கொழும்பில் 28, 30 பாகையில் குழாய்க்குள் போகும் டீசல், பல பத்துக் கிலோமீற்றர் மண்ணுக்குள் ஓடிய பிறகு மண்ணின் வெப்பநிலைக்கே வந்துவிடும். கசிந்தாலும் மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் இராது. அதோடு மலையக மழை. குழாய்க்காக வெட்டிய கானில் நிரப்பிய மண் சுற்றியுள்ள மண்ணை விடத் தளர்வாக இருக்கும். மழைத்தண்ணீர் அதைத்தான் வழியாகப் பிடித்துக்கொண்டு இறங்கும். குளிர்ந்த மழைநீர் கானுக்குள் ஓடினால் ராமன் கருவி பத்து இடத்தில் "கசிவு" காட்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் வட்டவளையில் மழை எப்படிக் கொட்டும் என்று தெரிந்தவர்கள், அந்தக் கருவியின் மணி எத்தனை முறை அடிக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு மாற்றாக வேதியியல் வழி ஒன்றும் இருக்கிறது. சிலிக்கோன் போன்ற சில பலபடிப் பொருட்கள் பெற்றோலியம் பட்டால் ஊதும், தண்ணீர் பட்டால் ஊதாது. இழையின் மேல் அப்படியொரு உறை போட்டுவிட்டால், எண்ணெய் பட்ட இடத்தில் உறை ஊதி இழையை நெருக்கும் அல்லது வளைக்கும், அங்கே ஒளி குறையும். மழைக்கு இது ஏமாறாது. ஆனால் எண்ணெய் கேபிளைத் தொட்டால்தான் வேலை செய்யும், ஒரு முறை ஊதிய பகுதி பழைய நிலைக்கு வருவது மெதுவாக. சிலவற்றை மாற்றத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் குழாய் கசிந்த பிறகு. மலைப்பகுதிகளில் குழாயின் பெரிய எதிரி துருவோ திருடனோ இல்லை, அதைத் தாங்கும் நிலம். 2020 ஏப்ரல் 7ஆம் திகதி எக்குவடோரில் கோக்கா ஆற்றங்கரை அரித்துச் சரிந்தபோது, நாட்டின் இரண்டு பெரிய மசகு எண்ணெய்க் குழாய்களும் ஒன்றாக உடைந்தன. குறைந்தது 15,000 பீப்பாய் எண்ணெய் ஆற்றில் கலந்தது. அந்தக் குழாய்களில் உலகத்திலேயே சிறந்த கசிவு உணரி இருந்திருந்தாலும், உடைந்த செய்தியைச் சில நிமிடம் முன்னதாகச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான். பெருவில் அந்தீஸ் மலையைச் சுமார் 4,900 மீற்றர் உயரத்தில் தாண்டும் 408 கிலோமீற்றர் எரிவாயுக் குழாய் 2010இல் இயங்கத் தொடங்கியது. அங்கே சரிவு அபாயமுள்ள இடங்களில், நிலத்தின் இழுவையை அளக்கும் பிரில்லுவன் கேபிள்களைப் புதைத்தார்கள். நிலம் மில்லிமீற்றர் கணக்கில் நகரும்போதே தெரிந்தால் தண்ணீரை வடித்து விடலாம், குழாயைச் சுற்றியுள்ள மண்ணைத் தோண்டி இறுக்கத்தைத் தளர்த்தலாம், தேவைப்பட்டால் ஓட்டத்தையே நிறுத்தலாம்.

குழாயை எடுத்துவிட்டு அந்தக் கேபிளை மட்டும் நம் மலையில் வைத்துப் பாருங்கள்.

இன்று மண்சரிவு எச்சரிக்கை எப்படி வருகிறது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்துச் சொல்கிறது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் அவதானம், 100 தாண்டினால் அடுத்த நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரு மணிநேரத்தில் 75 பெய்தால் வெளியேறச் சொல்லும் சிவப்பு நிலை. பயனுள்ள முறைதான், உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மழைமானி ஒரு பிரதேசத்தைப் பற்றிப் பேசும். எந்த மலை, எந்த லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவு என்று அதற்குத் தெரியாது. ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை வந்து, போய், ஒன்றும் நடக்காமல் மறுபடி வரும்போது ஆட்கள் அசைய மறுப்பதில் ஆச்சரியமில்லை. சரிவுக்குக் குறுக்கே கானில் புதைத்த இழுவைக் கேபிள் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. அது சொல்வது ஒரு குறிப்பிட்ட சரிவின் குறிப்பிட்ட மீற்றர்.

இங்கே ஒரு கடிவாளம் போட வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்பது புதுச் செய்தியாக இருக்கவில்லை. 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்ட இடம் அது. மாறிப்போக நிலமும் வீடும் கையில் இல்லாதவர்களிடம் "போ" என்று மட்டும் சொன்னதன் விளைவை எந்த லேசரும் மாற்றியிருக்காது. மார்ஷலில் மணி அடித்தும் பம்பை ஓடவிட்டதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆனாலும் மணி அடித்த பிறகு யார் என்ன செய்வார் என்பதை எழுதி வைக்காத இடத்தில் உணரி வாங்குவது வீண் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு ஆர்வக்கோளாறும் அடிக்கடி கேட்கிறது: "தெருவெல்லாம் ஏற்கெனவே ஃபைபர் கேபிள் ஓடுகிறதே, அதிலேயே பெட்டியைச் செருகினால் போதாதா?" பாதி சரி. அதிர்வைக் கேட்கும் ராலே முறை தொலைத்தொடர்புக் கேபிளிலும் வேலை செய்யும். சில நாடுகளின் ரயில்வேக்கள் தண்டவாள ஓரத்துக் கேபிளைக் கொண்டு பாறை விழுவதைக் கண்டறிந்து பார்த்திருக்கின்றன. ஆனால் தொலைத்தொடர்புக் கேபிளுக்குள் இழை ஒரு சிறு குழலில், பசைக்குள் தளர்வாக மிதக்கிறது. கேபிள் இழுபட்டாலும் இழைக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். நிலத்தின் மெதுவான நகர்வு அந்த இழைக்குப் போய்ச் சேராது. அதற்கு, உறையோடு இழையை இறுக்கிப் பிடித்த தனிக் கேபிள் வேண்டும். அப்புறம், மலையகத்தில் நிறைய ஃபைபர் கம்பத்தில் தொங்குகிறது. தொங்கும் கேபிள் காற்றைத்தான் கேட்கும்.

குழாய் என்றால் எண்ணெய்க் குழாய் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மலையகத்தின் உண்மையான பெருங்குழாய்கள் தண்ணீருக்கானவை. லக்சபானவின் இறக்குக் குழாய்கள், தலவாக்கலையிலிருந்து போகும் மேல் கொத்மலையின் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம், பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்த கசப்பான அனுபவத்தைத் தந்த உமா ஓயா சுரங்கம். கொத்மலை அணை கற்களைக் குவித்துக் கட்டியது. ஜெர்மனியிலும் சுவீடனிலும் மண் அணைகளுக்குள் நீர் கசிவதை ராமன் கேபிளால் 1990களிலிருந்து கவனித்து வருகிறார்கள். எண்ணெய்க் குழாயில் மழைநீர் தந்த தொல்லைதான் அங்கே தேடும் சமிக்ஞை.

பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கிக்கும் தோட்டத்து டீசல் தாங்கிக்கும் இதைப் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். பெட்டியின் விலை ஒரு கிலோமீற்றருக்கும் முப்பது கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறு தாங்கிக்கு இரட்டைச் சுவரும் இடையில் ஒரு சாதாரண உணரியும் போதும். அதற்காகச் சிறு கசிவை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மேட்டில் மண்ணுக்குள் இறங்கும் டீசல் கீழே பீலித்தண்ணீரில் வந்து நிற்கும். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலைப் பக்கம் சிந்தினால் களனி கங்கை வழியே கொழும்புக்குத் தண்ணீர் எடுக்கும் அம்பத்தலை வரை போக வழியுண்டு. கொட்டகலைப் பக்கம் சிந்தினால் மகாவலி. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. கிணற்றுக்குள் போன எண்ணெயைத் தீர்ப்பால் வெளியே எடுக்க முடியவில்லை.

கேபிளின் விலை இந்தக் கதையில் சின்னது. செலவு தோண்டுவதில் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையையும் வீதிகளையும் பல இடங்களில் உடைத்துப் போட்டது. அவற்றைத் திருத்துவதற்காகச் சரிவுகளை வெட்டி, கான் போட்டு, தாங்குசுவர் எழுப்புகிறார்கள். மண் திறந்திருக்கும்போதே, அபாயமான சரிவுகளின் குறுக்கே இறுக்கமான உறையுள்ள ஒளியிழைக் கேபிளை ஒரு முழ ஆழத்துக்குக் கீழே பதித்து, இரண்டு முனைகளையும் ஒரு பெட்டகத்தில் கொண்டுவந்து விட்டுவிடலாம். இரண்டு முனையும் கைக்கு எட்டுவது முக்கியம். நடுவில் அறுந்தால் இரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம். ஒளி அனுப்பும் பெட்டி இப்போதே வேண்டும் என்றில்லை. ஒரே பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சரிவு சரிவாகப் போய் அளந்து ஒப்பிட்டாலும், எந்தச் சரிவில் எத்தனை மில்லிமீற்றர் போயிருக்கிறது என்று தெரியும். எங்கே நிரந்தரமாக வைப்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.